மலர்ச்சாலை வண்டியை மூன்று அங்குலம் இறக்கிய கதை

முப்பத்தைந்து வருடங்கள் நான் வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தே சோறு தின்றவன். எஞ்சின், விளக்கு, பெயின்ட், கௌரவம் எல்லாம் முன்பக்கம். அதை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். பட்டை ஸ்பிரிங், அக்சல், சேறு, சாணம் எல்லாம் பின்பக்கம். அது என் பங்கு.

போன மாதம் குண்டசாலையில் கராஜ் வைத்திருக்கும் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பார்சல். அதற்குள் அலுமினியக் கட்டை இரண்டு, யூ போல்ட் நான்கு, படம் போட்ட தாள் ஒன்று. கெப் வண்டியின், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டியின், பின்பக்கத்தை உயரம் குறைத்து இறக்குவதற்காக இணையத்தில் எடுத்ததாம்.

"தாள்ல நாலே நாலு படம்தான் இருக்குங்க. இவ்வளவுதானா வேலை?" என்று ஒருவர் கேட்டார்.

நான்கு படத்தையும் பார்த்தேன். அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். ஐந்தாவதாக ஒரு படம் வேண்டும், அது இல்லை. அதை ஒரு முறை நானும் விட்டுவிட்டேன் என்றேன். என்ன ஆனது என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டு முடித்தவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? எழுதுகிறேன்.

நான் வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாக அப்பா சொன்ன மறுநாளே கண்டிக்கு பஸ் ஏறிவிட்டேன். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு கராஜில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருடம் மண்ணெண்ணெயில் சின்ன நட்டு கழுவினேன். இரண்டாம் வருடம் பெரிய நட்டு கழுவினேன். மூன்றாம் வருடம் ஒரு லொறிப் பட்டை காலில் விழுந்து பெருவிரல் நகம் போயிற்று. அதன் பிறகு கைதேர்ந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவது போல என்னையும் 'பாஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பயிற்சி என்று சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

எனக்கு மேலே இருந்தவர் ஹமீத் நானா. திகனக்காரர். அங்கே முஸ்லிம் ஆட்கள் அண்ணனை 'நானா' என்பார்கள். ஸ்பிரிங் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும், அவரும் சொல்வார். தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார். அதே சட்டையோடு லொறிக்குக் கீழே போவார். வெளியே வரும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாலே கரியாகிவிடுவேன். இருபது வருடம் கவனித்துப் பார்த்தும் அந்த வித்தை எனக்குப் பிடிபடவில்லை.

நானா சத்தம் போட மாட்டார். மனது நன்றாக இருந்தால் என்னை 'டேய் கோபாலு' என்பார். கோபம் வந்துவிட்டால் 'நீங்க' என்பார். 'நீங்க கொஞ்சம் இப்பிடி வாங்க' என்று மரியாதையாகக் கூப்பிட்டார் என்றால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.

வாடிக்கையாளர் சொல்வதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. "வண்டிக்காரன் செல்ற நோய் ஒண்டு, வண்டிக்கு ஈக்கிற நோய் வேற" என்பார். 'சொல்ற' அவர் வாயில் 'செல்ற' ஆகும், 'இருக்கு' 'ஈக்கி' ஆகும். அவரே ஒரு தடவை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. கலகெதரயில் ஒரு தேங்காய் வியாபாரியின் மகன் தன் கல்யாண ஊர்வலத்துக்காகக் கெப்பின் பின்பக்கத்தை இறக்கித் தரச் சொன்னான். பின்னால் யார் ஏறுவார்கள் என்று நானா கேட்டார். "பூ மட்டுந்தான்" என்றான். பூவுக்குத் தகுந்த மாதிரி இறக்கிக் கொடுத்தோம். கல்யாணத்தன்று பூவோடு மேளக்காரர் ஆறு பேரும் மாப்பிள்ளையின் தாய்மாமனும் ஏறிக்கொண்டார்கள். தாய்மாமன் ஒருவரே மூன்று பேருக்குச் சமம். கோவில் வாசல் மேட்டில் சைலன்சர் கழன்று தார் ரோட்டில் இழுபட்டது. மாப்பிள்ளை வந்த சத்தத்தில் மேளம் அடித்தது யாருக்கும் கேட்கவில்லையாம். அதற்குப் பிறகு நானா, பின்னால் ஏறப்போகிறவர்களை நேரில் பார்க்காமல் ஒரு வண்டியையும் இறக்கியதில்லை.

சரோஜா அக்காவின் வண்டியில் ஏறுகிறவர்களை மட்டும் முன்கூட்டியே பார்க்க வழியில்லை.

சரோஜா அக்கா கண்டியில் மலர்ச்சாலை நடத்தினார். செத்த வீட்டுக்குப் பெட்டி, பூ, வண்டி, கதிரை எல்லாம் அவரிடம் கிடைக்கும். அது புருஷன் தொடங்கிய தொழில். "நான் பொறுப்பெடுத்த பிறகு போன முதல் ஆளே அவர்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவரிடம் ஒரு ஜப்பான் கெப் இருந்தது. பின்னால் கண்ணாடிக் கூடு கட்டி, பெட்டி சறுக்கிப் போக உருளைகள் வைத்திருந்தார்கள். டிரைவர் லூர்து. என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல கை. குடிப்பார். தொழில் அப்படி என்பார்.

அக்கா ஒரு நாள் வண்டியோடு கராஜுக்கு வந்தார்.

"பெட்டிய நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கு நானா. தூக்குறவங்கள்ல பாதிப் பேரு துக்கத்துல இருக்காங்க, மீதிப் பேரு தண்ணியில இருக்காங்க. போன கிழமை ஒரு பெரியவர வழுக்க விட்டுட்டாங்க. உசுரோட இருந்தப்ப கூட அந்த மனுஷன் அவ்வளவு வேகமாப் போனதில்ல."

நானா தலையாட்டினார்.

"இன்னொன்னு, வண்டி குதிக்குது. உள்ள இருக்கிறவரு தலை பெட்டியில இடிக்கிற சத்தம் வெளிய கேக்குது. முந்தாநாளு ஒரு அம்மா, 'ஐயோ, எந்திரிச்சிட்டாரு'ன்னு கத்திட்டாங்க. அப்புறம் பெட்டியத் தொறந்து காட்ட வேண்டியதாப் போச்சு."

"ஒரு டொன் ஏத்துற வண்டி இது" என்றார் நானா. "மையித்து அறுவது கிலோ. ஆள் ஏறினதே ஸ்பிரிங்குக்குத் தெரியா. குதிக்கத்தான் செய்யும். மூணு இஞ்சி இறக்குவம், ஒரு பட்டையைக் கழட்டுவம்."

வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

அந்த வண்டியில் பட்டைகளுக்கு மேலே அக்சல் உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் மூன்று அங்குல இரும்புக் கட்டை வைத்தால் வண்டி மூன்று அங்குலம் இறங்கும். சொல்வதற்கு அவ்வளவுதான். முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வண்டியின் அடிச்சட்டத்தில் ஜக் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகிறவன் சரோஜா அக்காவின் வாடிக்கையாளனாகிவிடுவான். பழைய யூ போல்ட்டைக் கழற்றி வீசி, பட்டைக்கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவினோம். ஒரு தடவை இழுபட்ட போல்ட் மறு தடவை இறுக்கத்தைப் பிடிக்காது என்பது நானாவின் சட்டம். நீளமான புதுசு நான்கு வந்தது. பட்டைக்கட்டின் நடுவிலிருக்கும் குமிழ், கட்டையின் ஓட்டையில் சரியாக உட்கார்ந்ததா என்று நானா விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்த்தால் போதாது அவருக்கு.

அடுத்து மூக்கு. அக்சலின் நடுவிலுள்ள உருண்டைக்கு ஒரு மூக்கு உண்டு. எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் அதில்தான் மாட்டும். வண்டி இறங்கினால் மூக்கின் சாய்வு மாறும், ஓடும்போது வண்டி நடுங்கும். நானா தன் மகளின் ஜியோமெட்ரிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பாகைமானியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டுச் சாய்வை அளந்தார். ஒன்றரைப் பாகை கூடவென்று கட்டையை இறக்கி ஒரு பக்கம் அராவ வைத்தார். அராவினேன். அளந்தார். மறுபடியும் அராவினேன். அன்று முழுவதும் இதுதான். மகள் பரீட்சைக்குப் பாகைமானி இல்லாமல் போனாளாம்.

அடிபடாமல் இருக்க வைத்திருந்த ரப்பர் கட்டைகளைப் பாதியாக வெட்டினோம். குட்டை ஷொக் அப்சோபர் போட்டோம். யூ போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பட்டையின் இரண்டு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் காலில் தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுகிக் கிழியும்.

கடைசி வேலை, லோட் வால்வு. அது சட்டத்தில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அக்சலுக்குப் போகும். பாரம் ஏற்றினால் சட்டம் தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்குப் பிரேக் கூடுதலாகப் போகும். பாரமில்லாதபோது குறைவாகப் போகும். நாமே வண்டியை மூன்று அங்குலம் தாழ்த்திவிட்டால் என்ன ஆகும்? வெறும் வண்டியாக நிற்கும்போதே ஒரு டொன் ஏறிவிட்டதென்று வால்வு நம்பிவிடும். அதனால் கம்பி பிடித்திருக்கும் தாங்கியையும் அதே அளவுக்கு மாற்றி வைக்க வேண்டும். இரண்டு நட்டு. பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடம் வருவதற்குள் நானா, தன் தங்கை மகளின் நிக்காஹ்வுக்காக மூன்று நாள் அக்குறணைக்குப் போய்விட்டார். "நான் வந்து பாக்காம வண்டிய வெளிய விட வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் சரோஜா அக்கா ஓடி வந்தார். வத்தேகமவில் ஒரு பெரிய பாடசாலையின் அதிபர் போய்விட்டார். அவர் படிப்பித்த பிள்ளைகள் பாதி ஊர். "இன்னைக்கு வண்டி இல்லைன்னா நான் மானத்தோட இருக்க முடியாது கோபாலு" என்றார். எனக்கும் பெருமை. நானா இல்லாமல் நானே ஒரு வண்டியை வெளியே விடுகிறேன். சரி என்றேன். கைகால் கழுவும்போதுகூட அந்த இரண்டு நட்டு ஞாபகம் வரவில்லை.

ஊர்வலம் அமோகமாக நடந்ததாம். நெஞ்சு உயரத்துக்குப் பெட்டியை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. அதிபர் ஒரு சத்தமுமில்லாமல் போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர்கள் அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்களாம்.

லூர்து வெறும் வண்டியோடு திரும்பினார். மழை. இறக்கத்தில் ஒரு வளைவு. எதிரே பஸ் வந்தது, பிரேக்கை மிதித்தார். பின் சக்கரம் இரண்டும் இறுகிப் பூட்டிக்கொண்டன. வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. அரைச் சுற்றுச் சுற்றி, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து வடிகானில் பின்பக்கமாகப் போய் விழுந்தது. தரிப்பிடத்தில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு நின்றிருந்தார். அவருக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு குடை அகலம்தான் இருந்தது என்று லூர்து பிறகு என்னிடம் சொன்னார். லூர்துக்கு மணிக்கட்டு முறிந்தது. பின் கண்ணாடி தூள்.

பொலிஸ் வந்து, குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பலூன் ஊதச் சொன்னார்கள். ஊதினார். நிறம் மாறவில்லை. அன்று லூர்தின் அம்மா இறந்த வருஷப் பூசை. மூன்று நாளாகச் சாராயத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஊருக்குப் பலூன் முக்கியமா? லூர்து குடிகாரன், வண்டி கவிழ்ந்தது, கதை முடிந்தது. சரோஜா அக்கா வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

லூர்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"குடிச்சிட்டு ஓட்டின நாள்ல ஒன்னும் நடக்கல அண்ணே" என்றார். "குடிக்காத அன்னைக்குக் கவுத்துட்டேன். அப்ப எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுன்னுதானே அர்த்தம்? இவ்வளவு நாளும் சாராயந்தான் ஓட்டியிருக்கு போல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் குழந்தையின் தொப்பி என்ன நிறம் என்று சொன்னார். மஞ்சள். கண்ணை மூடினால் அது தெரிகிறதாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மகாவலிப் பாலத்துக்கு மேலே, அந்த இரண்டு நட்டு எனக்கு ஞாபகம் வந்தது. இருக்கையில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டேன். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார்.

வண்டியைப் பழுது பார்க்க எங்கள் கராஜுக்கே இழுத்து வந்தார்கள். மறுநாள் மற்றவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் கீழே போனேன். கம்பி அப்படியே இருந்தது, பாரம் ஏறிய வண்டியில் இருப்பது போல. பதினான்காம் நம்பர் ஸ்பேனரை நட்டில் மாட்டினேன். பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு உலகத்தில் யாருக்கும் தெரியாது. லூர்துக்கு வேறு வேலை கிடைக்கும், நல்ல கை, கிடைக்காமலா போகும் என்றெல்லாம் யோசித்தேன். மனது எவ்வளவு வேகமாக நியாயம் பேசுகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. பொலிஷ் போட்ட சப்பாத்து.

"அந்த நட்டுல கை வெக்க வேணாம்" என்றார் ஹமீத் நானா. "நீங்க வெளிய வாங்க."

வெளியே வந்தேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. அக்குறணையிலிருந்து வந்ததுமே பார்த்திருக்கிறார்.

"என்ன செய்யப் பாத்தீங்க?"

"சரி செய்யப் பாத்தேன் நானா."

"வண்டியையா, உங்களையா?"

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"நான் போய்ச் செல்ல மாட்டேன்" என்றார். "ஏண்ட பேரும் இதுல ஈக்கி. நான் சென்னா எனக்கு நல்ல பேர். நீங்க சென்னாத்தான் லூர்துக்கு வேலை."

மலர்ச்சாலைக்குப் போனபோது சரோஜா அக்கா ஒரு தாத்தாவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே போய்ப் பேசலாமா என்றேன். "இவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு, சொல்லுங்க" என்றார். தாத்தாவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, கம்பி, இரண்டு நட்டு, என் பெருமை. அக்கா பவுடர் போடுவதை நிறுத்தவில்லை. தாத்தாவின் ஒரு கன்னம் மட்டும் வெள்ளையாகிக்கொண்டே போயிற்று.

"நான் அவனைக் குடிகாரன்னு நாலு பேரு முன்னால சொன்னேன் கோபாலு" என்றார் கடைசியில். "அவன் அம்மா பூசையன்னைக்கு."

லூர்தை வீட்டில் போய்ப் பார்த்தோம். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நம்ப முடியல அண்ணே" என்றார். "என் மேல பாவம் பாத்துச் சொல்றீங்க. கம்பிய மாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும். கை சரியானதும் நானே ஓட்டிப் பாக்கணும். என் கையா, வண்டியான்னு எனக்குத் தெரியணும்."

ஆறு கிழமை வண்டி அப்படியே நின்றது. அக்கா வாடகை வண்டி எடுத்துச் சமாளித்தார். கட்டு அவிழ்த்த பிறகு ஒரு மழை நாளில், பாடசாலை விடுமுறையில், ஒரு பாடசாலை மைதானத்துக்கு அனுமதி வாங்கிப் போனோம். அக்கா குடையோடு ஓரத்தில் நின்றார். நானா வெள்ளைச் சட்டையோடு அக்காவின் குடைக்குள் பாதி, வெளியே பாதியாக நின்றார்.

லூர்து வெறும் வண்டியை ஓட்டி வந்தார். மைதானத்தின் நடுவில் பிரேக்கை மிதித்தார். பின் சக்கரம் பூட்டியது. வண்டி புல்லைக் கிழித்துக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே பார்த்து நின்றது. லூர்து கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். சிரித்தார்.

"பாத்தீங்களா அக்கா? பாத்தீங்களா?" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினார். "நான் இல்ல! வண்டி!"

அக்கா குடையை நானாவிடம் கொடுத்துவிட்டு மழையிலேயே நடந்து போய் அவர் தோளில் கை வைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் நிற்க எனக்குத் தைரியமும் இல்லை.

சேற்றில் படுத்துத் தாங்கியை மாற்றினேன். பத்து நிமிடம்தான். நானா பக்கத்தில் குந்தியிருந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "சரி, எழும்பு" என்றார். 'நீங்க' போய்விட்டது.

எழுந்து கையைத் துடைத்தபோது அக்கா வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"சரி செஞ்சாச்சா?"

"செஞ்சாச்சு அக்கா."

"அப்ப ஏறிப் படுங்க. லூர்து ஓட்டட்டும்."

நானாவைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்தார்.

ஏறினேன். உருளைகள் மேல் மல்லாந்து படுத்து இரண்டு பக்கத்துக் கம்பியையும் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே வானமும் மழையும் மட்டும்தான் தெரிந்தன. வேலியோரம் ஒரு பெரியவர் நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். நான் தலையை ஆட்டினேன். அவர் ஓடிவிட்டார்.

லூர்து வேகமெடுத்தார். முன்னதைவிட வேகம். அவருக்கு அதற்கு உரிமை இருந்தது. பிரேக் விழுந்தது. உருளையில் ஓரடி சறுக்கி, தலை முன்பலகையில் இடித்தது. வண்டி கோடு போட்டது போல நேராக நின்றது. மறுபடியும் ஓட்டினார், மறுபடியும் மிதித்தார். நேராக நின்றது. மூன்றாம் முறைக்குத் தேவையே இல்லை. அதையும் செய்தார்.

பிறகு சத்தமில்லை. பின்கதவு திறந்தது. லூர்து தலை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"என்னை மன்னிச்சிரு லூர்து" என்றேன்.

அவர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார்.

"எறங்கி நின்னு சொல்லுங்க அண்ணே" என்றார். "அங்க படுத்துக்கிட்டு யாரு சொன்னாலும் செல்லாது."

இறங்கினேன். கணுக்கால் வரை சேறு. நிமிர்ந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை சொன்னேன்.